பெற்றோல் தாங்கிக்குள் நெல்

அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு மாட்டு வண்டிலில் வந்தது. தானாக ஓடிவர வேண்டிய ஒரு சாமான் வைக்கோலுக்கு மேல் சரிந்து படுத்துக்கொண்டு வருவதைக் கண்ட உடனேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. வண்டிலுக்குப் பின்னால் என் கணவர் மேலுக்குச் சட்டை இல்லாமல், முகமெல்லாம் பல்லாக நடந்து வந்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீர்ப்பாசன ஓவசியர் ஒருவரின் குவாட்டர்சுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் அது ஏழு வருடம் கிடந்திருக்கிறது. அவர் மாற்றலாகிப் போன பிறகு அதைத் தொட ஆள் இல்லை. கோழிகள் மட்டும் அதன் கைபிடியில் ஏறி நித்திரை கொண்டிருக்கின்றன. ஏழு வருடத்துக் கோழி எச்சம் இருக்கையில் தொடங்கிச் சில்லு வரைக்கும் வெள்ளையும் பச்சையுமாகக் காய்ந்து பிடித்திருந்தது. முன்விளக்கின் கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே கண் திறக்காத எலிக்குஞ்சுகள், ஐந்தோ ஆறோ, இளஞ்சிவப்பாக நெளிந்தன. எனக்கு ஓங்காளம் வந்து கிணற்றடிக்கு ஓடினேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அவர் எலிக்குஞ்சைத் தூக்கிப் போட்ட அதே கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக் குடித்துக்கொண்டு நிற்கிறார்.

சீ, இதென்ன மனிசன் என்று அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக நினைத்தேன். பிறகு நினைத்த நாட்களுக்கு அளவில்லை.

ஆனாலும் "உதைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில போட்டிட்டு வாங்கோ" என்று நான் சொல்லவில்லை. அது எனக்காக வந்த சாமான்.

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து வந்து முரசுமோட்டையில் வயற்காணி கிடைத்துக் குடியேறியவர்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் பயிற்சி முடித்த ஆசிரியை. முடித்தும் இரண்டு வருடமாக நியமனம் வராமல், நெல் அவித்துக்கொண்டும் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டும் இருந்தேன். ஒரு ஐப்பசி மாதம் கடிதம் வந்தது. முறிகண்டிக்கு அங்கால், கண்டி வீதியில் இறங்கிக் காட்டுக்குள்ளே இரண்டு மைல் போகவேண்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வீட்டில் இருந்து பதினாறு, பதினேழு மைல் வரும். சனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குகிற முதல் திங்கட்கிழமை காலையில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

பஸ்ஸை நம்பிப் போனால் முதல் பாடத்துக்கு எந்த நாளும் பிந்தத்தான் வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரின் மனைவி, முன்பின் அறியாதவ, தங்கள் வீட்டோடு ஒட்டி ஒரு அறை இருக்கிறது, கிழமை நாட்களில் நான் தங்கலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தா. எனக்கு அது போதும். என் கணவருக்குப் போதவில்லை.

"கலியாணம் கட்டின பொம்பிளை புருசனை விட்டிட்டு வேற ஊரில அறையெடுத்துத் தங்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்கும் எண்டு நான் வேலையை விடேலுமே?"

"ஆர் உம்மை விடச் சொன்னது? நான் காலமை கொண்டுபோய் விட்டிட்டுப் பின்னேரம் கூட்டிக்கொண்டு வாறன். பொறும், அதுக்கொரு வழி பாக்கிறன்."

அந்த வழிதான் மூன்று மூட்டை நெல்லுக்குக் கைமாறி வண்டிலில் வந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓடித் தள்ளிவிட்டுப் போன வண்டி. ஆனாலும் எனக்காக ஒரு மனிசன் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று என் மனம் குளிர்ந்துதான் போயிற்று. அதை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு போடவேண்டும் போல் இருக்கிறது.

புதுச் சாமான் வாங்கிப் பூட்ட எங்களிடம் வசதி இல்லை. ஆகையால் என் வீட்டில் இருந்ததெல்லாம் மோட்டார் சைக்கிளுக்குப் போயிற்று. கஞ்சி வைக்கிற பானைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிச் செயினை ஊறப்போட்டார். வேப்பங்குச்சியும் சாம்பலும் கொண்டு எஞ்சினில் சூடு ஆற அடுக்கியிருக்கிற இரும்புச் செட்டைகளை, பல் தீட்டுவதுபோல், ஒவ்வொன்றாகத் தீட்டினார். சில்லின் ரயர் வெடித்திருந்த இடத்தில் உட்பக்கமாக இன்னொரு பழைய ரயரின் துண்டை வெட்டி வைத்தார். இருக்கைக்குள் தேங்காய்த் தும்பை அடைத்து, மேலே போர்க்க என் நீலச் சேலை ஒன்றைக் கேட்டார். கொடுத்தேன். எஞ்சினின் இரண்டு இரும்புக்கு நடுவில் எண்ணெய் கசியாமல் வைக்கிற மட்டைக்கு, பயிற்சிக் கல்லூரியில் நான் இரவு பகலாக எழுதிய குறிப்புக் கொப்பியின் தடித்த அட்டையைக் கேளாமலே வெட்டினார். கொப்பி அட்டையில்லாமல் குசினி மூலையில் கிடந்தது. மேல் பக்கத்தில் கறுப்பு எண்ணெயில் அவருடைய பெருவிரல் அடையாளம்.

"இதென்ன வேலை பாத்தனீங்கள்?"

"உள்ளுக்கு எழுதினது அப்பிடியே கிடக்கெல்லோ?"

"என்ர கொப்பி!"

"அட்டைதானே? வேற அட்டை போட்டாச் சரி."

எதற்கும் அவரிடம் ஒரு 'சரி' இருந்தது. கழுவினாச் சரி, துடைச்சாச் சரி, வெய்யிலில வைச்சாச் சரி. ஒன்றும் சரிவரவில்லை. அந்தப் பானையை நான் புளி போட்டு, சாம்பல் போட்டு, மணல் போட்டுத் தேய்த்தேன். ஒரு கிழமை கழித்து அதில் கஞ்சி வைத்தபோது மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. "மணக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவர் குடித்தார். நான் என் பங்கை மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அவருடைய நகங்களை நான் மறக்கமாட்டேன். பத்து நகத்துக்குள்ளும் கறுப்பு. அந்தக் கையால் சோற்றைப் பிசைவார். இடியப்பத்தில் அவர் தொட்ட இடமெல்லாம் கறுத்திருக்கும். கதிரை, கதவு, அலுமாரிப் பிடி, தலையணை, எங்கே கை வைத்தாலும் பிசுபிசு. படுத்தால் தலைமயிரில் இருந்து பழைய எண்ணெய் நாறும். சவர்க்காரத்தைக் கையில் எடுத்தால் சவர்க்காரமே கறுப்பு. என் சொந்த வீட்டில் எதைத் தொடவும் எனக்குக் கூசிற்று. அரியண்டம் என்றால் அதுதான் அரியண்டம்.

இதற்குள் கூட்டாளி ஒருவர் வேறு. முல்லைத்தீவில் இருந்து மீன் லொறி ஓட்டி வருகிறவர். மாதாகோயிலுக்குப் போகிற வேதக்காரர், நல்ல மனிசன், எஞ்சின் வேலை நன்றாகத் தெரிந்தவர். செவ்வாயும் வெள்ளியும் லொறியை எங்கள் வேலிப் படலைக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் இருந்து வேலை பார்த்துக் கொடுப்பார். நான் அவரைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கை! முழங்கை வரைக்கும் மீன் செதில் ஒட்டி மினுங்கும். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மீன் மச்சம் வாசலுக்கும் வராது. அவர் வந்து இருந்துவிட்டுப் போனால் நான் மஞ்சள் தண்ணீர் தெளிக்கவேண்டும். அது அவருக்கும் தெரியும்.

"தங்கச்சி முகத்தைச் சுளிக்காதேங்கோ. கைதான் மீன், ஆள் சுத்த சைவம்" என்பார்.

"அந்தக் கையைக் கிணற்றடியில கழுவிப்போட்டு இருங்கோவன் அண்ணை."

"கழுவினா வழுக்கும் தங்கச்சி. செதில் இருந்தாத்தான் இரும்பு பிடிபடும்." இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். கார்த்திகை பாதி போய்விட்டது; வண்டி இன்னும் நாலு சாக்கில் துண்டு துண்டாகக் கிடந்தது.

அப்போதுதான் பெற்றோல் தாங்கியின் கூத்து நடந்தது.

தாங்கியின் உட்பக்கம் முழுக்கத் துரு. துரு கழன்று குழாயை அடைக்கும், அதைச் சுரண்டாமல் ஒன்றும் ஓடாது என்று லொறிக்கார அண்ணை சொல்லிவிட்டுப் போனார். சின்னக் கூழாங்கல்லை உள்ளே போட்டுக் குலுக்கு என்றுதான் அவர் சொன்னது. என் கணவர் யோசித்தார். கல் தகட்டைப் பொத்துவிடும் என்று பயந்தார். பிறகு தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு எழும்பிப்போய், விதைப்புக்கு வைத்து மிஞ்சியிருந்த நெல்லில் நாலு கைப்பிடி அள்ளிவந்து தாங்கிக்குள் போட்டார். உமி சொரசொரப்பு, துருவைச் சுரண்டும், தகட்டுக்கும் பழுதில்லை. என் ஒரு மாதப் புளியையும் கரைத்து ஊற்றினார். ஊற்றிவிட்டுப் பிள்ளையைத் தாலாட்டுகிறவர் மாதிரி மடியில் வைத்துக் குலுக்கு குலுக்கென்று ஒரு முழுப் பின்னேரமும் குலுக்கிவிட்டு, இரவு அப்படியே ஊறவிட்டார். விடிய எழும்பிக் கவிழ்த்தபோது செங்கல் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. நெல்லும் கொட்டியது. அவருக்கு வாயெல்லாம் சந்தோசம். மூன்று தரம் நல்ல தண்ணீர் விட்டு அலசி, பூச்சி போகாமல் வாய்க்குத் துணியை அடைத்து, காயட்டும் என்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்தத் தாங்கி நடுவில் மடிந்து இரண்டு பக்கமும் பைபோல் தொங்குகிற சாமான். கவிழ்த்தாலும் உள்ளே இருந்த எல்லாம் வெளியே வராது. வந்ததா என்று அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் குசினிக்குள் ஒரு நாற்றம். பழங்கஞ்சி புளித்ததுபோல, செத்த எலிபோல. எலிதான் செத்துக் கிடக்கிறதாக்கும் என்று விறகை எல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினேன். கடைசியில் தாங்கியின் வாயில் இருந்த துணியை இழுத்தேன். உள்ளே இருந்து வெக்கையோடு ஒரு மணம் முகத்தில் அடித்தது பாருங்கள், நான் அப்படியே குந்திவிட்டேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால், வெள்ளை வெள்ளையாக முளை. ஒன்றோடொன்று வேர் பின்னி, அடியில் அழுகிச் சளிபோல் வழிந்துகொண்டு, மேலே முளை.

அவரைக் கூப்பிட்டேன். வந்து எட்டிப் பார்த்தார்.

"நெல்லு முளைக்க என்ன வேணும்?" என்று கேட்டேன். வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளையைக் கேட்பதுபோல்தான் கேட்டேன்.

அவர் துணியைத் திரும்ப வாய்க்குள் அடைக்கப் பார்த்தார்.

"சொல்லுங்கோவன்! ஒரு இரவு தண்ணியில ஊறவேணும். பிறகு தண்ணியை வடிச்சு, வாயைக் கட்டி, சூடான இடத்தில மூடி வைக்கவேணும். வருசா வருசம் சாக்கில கட்டிச் செய்யிற ஆள் நீங்கள்தானே? இதில எதை நீங்கள் விட்டனீங்கள்? ஒண்டையும் விடேல்லையே!"

"பழைய நெல்லு, முளைக்காது எண்டு நினைச்சன்" என்றார். பிறகு, எனக்கு விசர் ஏறும்படி, ஒரு முளையைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல முளைப்புத்தான்" என்றார்.

எட்டு மைல் வயல் வெளியில் இந்தப் பிழையை விடக்கூடியவர்கள் எங்களைப்போல் வயற்காரர் மட்டும்தான். நெல் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது. எதற்கும் அதைத்தான் அள்ளுவோம். இரண்டு பின்னேரம் நான் முற்றத்தில் குந்தியிருந்து, ஈர்க்கின் நுனியை மடித்து, அந்த அழுகலைத் தாங்கிக்குள் இருந்து நூல் நூலாக இழுத்தெடுத்தேன். மூக்கில் துணி கட்டியும் மணம் தொண்டைக்குள் இறங்கிற்று. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் பார்த்து, "என்ன பிள்ளை, குடலெடுக்கிறீரோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். ஒரு உமிகூட மிஞ்சாமல் எடுத்தேன். அவர் எடுப்பதாகச் சொன்னார், நான் விடவில்லை. அது என் வேலைக்குப் போகிற வண்டி.

மார்கழி பிறந்தபோது எல்லாம் பூட்டியாயிற்று. வண்டில் சில்லுக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பூச்சைத் தாங்கிக்குப் பூசினார். லொறிக்கார அண்ணை நெருப்புப்பொறி வருகிற பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ உரசிச் சரிப்படுத்தி, ஒரு போத்தல் பெற்றோலும் தந்து, "இனி உதைக்கிறதுதான் பாக்கி. இண்டைக்கில்லாட்டி நாளைக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நத்தார்ப் பெருநாளுக்கு ஊரில் நிற்பதால் வருடம் பிறந்துதான் இனி வருவார்.

உதைத்தார். பிடிக்கவில்லை. அடுத்த நாளும் உதைத்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு முற்றத்தில் இந்தத் திருவிழா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முப்பது தரம், நாற்பது தரம் உதைப்பார். அது ஒரு கிழட்டு நாய் இருமுவதுபோல் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். பிறகு இருமலும் நின்றுவிட்டது. வியர்வை ஆறாக ஓட அவர் குந்திவிடுவார். நான் துவாயால் முதுகைத் துடைத்துவிட்டு முட்டைக்கோப்பி அடித்துக் கொடுப்பேன். கோழி இட்ட முட்டை எல்லாம் அந்த உதைக்குத்தான் போனது.

"நான் தலைமை ஆசிரியற்ற வீட்டுக்கு ஆள் அனுப்பட்டே? அந்த அறை இன்னும் கிடக்கும்" என்று கேட்டேன்.

"பொறும். இன்னும் ரெண்டு நாள் பாப்பம். இவ்வளவும் பட்டுப்போட்டு இப்ப விடுறதோ?"

குடல் எடுத்தவள் நான். இவ்வளவும் பட்டுப்போட்டு இப்போது விடுவதோ என்றுதான் எனக்கும் இருந்தது. இரண்டு நாள் இன்னும் இரண்டு நாளாயிற்று. திருவெம்பாவை தொடங்கிவிட்டது. விடியப்புறம் எழும்பித் தலைக்கு வார்த்து, நான் ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போனேன். சங்கும் சேமக்கலமும் காதைப் பிளக்க, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கோதாரி பிடிச்ச எஞ்சின் ஓடவேணும் என்று நேர்ந்தேன். சுவாமியிடம் கேட்கிற கேள்வியா அது? வெட்கமில்லாமல் கேட்டேன்.

எட்டாம் நாள் தூறல் பிடித்தது. பூசை முடியுமுன் நான் வெளிக்கிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அவர் இல்லை. கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிற துலா கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிள் தாழ்வாரத்துக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றது. நனைந்தால் இருக்கைத் தும்பு ஊறி நாறும் என்று கைபிடியைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பாரம். சரிந்து என் காலோடு முட்டியது. புகைக்குழாய் கெண்டைக்காலில் பட்டது.

'ஐயோ' என்று கத்தக்கூட வரவில்லை. தோல் குழாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

வண்டியைச் சுவரோடு சாத்திவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். நோவை விட வேறொன்று மெல்ல மெல்ல மண்டைக்குள் ஏறிற்று. இரண்டு கிழமையாக ஓடாத வண்டி. குழாய் ஏன் சுடுகிறது? தோசைக்கல் காய்ந்ததோ என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அப்படிப் பார்க்கப் பக்கத்தில் தண்ணீர் இல்லை. எஞ்சினில் காறித் துப்பினேன். சுர்ர் என்றது.

அவர் ஈரச் சாரத்தோடு வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"எஞ்சின் சுடுகுது" என்றேன்.

"வெய்யிலுக்கு நிண்டிருக்கும்."

"எந்த வெய்யிலுக்கு?"

கூரையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தினை நாளா ஓடுது?"

"ஏழு நாள்." பிறகு, "இண்டையோட எட்டு."

நான் கோயிலுக்குப் போன உடன் வண்டியை வாய்க்கால் கட்டு வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், அங்கே வைத்து ஓட்டியிருக்கிறார். கோயில் மணிச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரோ டிரக்டர் ஓட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

"அப்ப பின்னேரம் பின்னேரம் உதைச்சது?"

"பெற்றோல் குழாயைப் பூட்டிப்போட்டு உதைச்சனான்."

துடைத்த முதுகு, அடித்த முட்டை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எலிக்குஞ்சுக்கும் அழுகின முளைக்கும் வராத ஒரு அரியண்டம் எனக்கு அப்போது வந்தது.

"ஏன்?"

"ஓடுது எண்டால் நீர் போயிடுவீர்."

"போறதுக்குத்தானே இதைக் கொண்டுவந்தனீங்கள்!"

"கொண்டுவரேக்க இது ஓடும் எண்டு ஆர் கண்டது?" என்றார். "ஓடாது எண்டுதான் எடுத்தனான். உம்மை வேண்டாம் எண்டு என்ர வாயால சொல்ல ஏலாது. வண்டி சரிவரேல்லை எண்டால் ஒருத்தரிலயும் பிழையில்லை. பிறகு கழட்டத் தொடங்கினாப் பிறகு... விட ஏலாமப் போச்சு. கை கேக்கேல்லை. செய்துபோட்டன்."

அவர் பொய் சொல்லவில்லை. நாளெல்லாம் அதைச் செப்பமாகச் செய்வதும், செய்ததை என்னிடம் மறைப்பதும் அவருக்கு ஒன்றாகவே நடந்திருக்கிறது.

"நீர் இல்லாத வீட்டில நான் என்ன செய்யிறது?" என்று கடைசியாகக் கேட்டார்.

நான் இதை மறைக்காமல் எழுதவேண்டும். அந்தக் கேள்வி எனக்கு ஒரு கணம் இனித்தது. கால் எரிகிறது, முன்னால் பொய்யன் நிற்கிறான், வேலை கையை விட்டுப் போகிறது. அதற்கு நடுவில், என்னை விட்டு இருக்க முடியாத ஒருவர் இருக்கிறாரே என்று இனித்தது. கோழி எச்சம், கறுத்த நகம், முளைத்த நெல் எல்லாவற்றையும் நான் தேய்த்துக் கழுவிவிட்டேன். அந்த இனிப்பை மட்டும் இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னால் கழுவ முடியவில்லை. என்னில் எனக்கே அருவருப்பு என்றால் அதுதான். அவ்வளவு மலிவாகவா நான் இருந்தேன்?

"திங்கட்கிழமை விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிடவேணும்" என்றேன். "பெற்றோல் பாத்து வையுங்கோ."

அதற்குப் பிறகு மூன்று நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பனையோலைப் பைக்குள் புத்தகங்களை அடுக்கினேன். புத்தகங்களுக்கு அடியில் மூன்று சேலை, சீப்பு, படுக்கிற துணி. மேலால் சோற்றுப் பொட்டலத்தை வைத்தேன். அவர் பையைத் தூக்கிப் பார்த்து, "பாரமாக் கிடக்கு" என்றார். "புத்தகம் பாரம்தானே" என்றேன். எட்டு நாள் ஒளித்த ஆளிடம் ஒரு இரவு ஒளிக்க எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

திங்கள் விடிய ஒரே உதையில் வண்டி பிடித்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பக்கவாட்டில் ஏறி இருந்து, அவரைப் பிடிக்காமல் இருக்கையின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சுட்ட காலில் வாழைக்குருத்து வைத்துக் கட்டியிருந்தேன். குளிர் காற்றில் அது விண் விண்ணென்று தெறித்தது. பரந்தன் தாண்டி, கிளிநொச்சி தாண்டி, ஒரு இடத்திலும் அது இருமவில்லை. நன்றாகத்தான் செய்திருந்தார். அதுவும் எனக்கு எரிச்சல்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனமும் நிற்கிறதுபோல் நாங்களும் நின்றோம். அவர் தேங்காய் வாங்கி உடைத்தார். நிலத்தில் விழுந்து கும்பிட்டார். என்ன கேட்டாரோ, நான் விசாரிக்கவில்லை. நான் நின்றபடியே கையைக் கூப்பினேன். பிள்ளையாரே, நேரத்துக்குக் கையெழுத்து வைக்கவேணும் என்று மட்டும் கேட்டேன்.

மணியடிக்கக் கால்மணித்தியாலம் இருக்கும்போது பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் உள்ளே போய் இடாப்பில் கையெழுத்து வைத்தேன். எழுத்து நேராகத்தான் விழுந்தது. தலைமை ஆசிரியரிடம், அந்த அறை இன்னும் இருக்கிறதோ என்று கேட்டேன். "துப்புரவாக்கி வைச்சிருக்கிறா, நீங்கள் வருவீங்கள் எண்டு" என்றார். பையைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு, வாசலுக்கு வந்தேன்.

அவர் வேலியோரமாக, வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பின்னேரம் எத்தினை மணிக்கு வர?"

"சனிக்கிழமை வாங்கோ."

வெறுங்கையோடு நிற்கிற என்னைப் பார்த்தார். விளங்கிற்று.

"ஏன்? இவ்வளவு தூரமும் ஒரு இடத்தில நிக்காமல் வந்தது. நல்லா ஓடுதெல்லோ?"

"அது ஓடும். அதில எனக்கு ஒரு ஐமிச்சமும் இல்லை" என்றேன். "உங்களைத்தான் நான் நம்பமாட்டன்."

அவருடைய கை துடைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே மணி அடித்தது. பிந்தி ஓடிவந்த பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தார்கள். நானும் அவர்களோடு திரும்பி நடந்தேன்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு?" என்று அவர் பின்னால் நின்று கேட்டார்.

எனக்குக் கேட்டது. நான் வகுப்புக்குள் போனேன்.